மெசின் எப்ப வரும்?

வீரகத்தியின் செத்தவீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மனிதர் விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். ஊரியான் பக்கத்து ஆள். முகத்தைத் துக்கமாகத்தான் வைத்திருந்தார். தோளில் கிடந்த துவாயால் கண்ணையும் ஒருதரம் துடைத்தார். பிறகு காதுக்குக் கிட்டவாகக் குனிந்து, "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. எங்கட வயலுக்கு மெசின் எப்ப வரும்?" என்று கேட்டார்.

விமலேஸ்வரி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வாயைத் திறந்திருந்தால் பறைச் சத்தத்துக்கு மேலால் அவளுடைய சத்தம் கேட்டிருக்கும். பந்தலுக்கு நடுவில் பெட்டிக்குள் வேட்டி சால்வையோடு படுத்திருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். 'உதுக்கும் நீங்கள்தான் அண்ணை காரணம்' என்று மனதுக்குள் திட்டினாள்.

வேறு யார் காரணம்? வருசத்தில் பாதி நாளுக்கு மேல் அவருடைய நெல்லு வெட்டும் மெசின்கள் இரண்டும் கொட்டிலுக்குள் தூசி பிடித்துக் கிடக்கும். அப்போதெல்லாம் சாகாமல், காலபோக நெல்வெட்டு உச்சத்தில் நிற்கிற மாசி மாதத்தில், பரந்தன் சந்தித் தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் இருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "நெஞ்சுக்குள்ள என்னவோ பிடிக்குது" என்று சொல்லிச் சாய்ந்துபோக வீரகத்தியால்தான் முடியும். அன்று காலையும் ஒரே மெசினை மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போனார். அந்த மூன்று பேரும் இப்போது பந்தலுக்குள் இருந்தார்கள். மூன்று பேரும் பெட்டியைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் ஒப்பாரி வைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கையில் இருந்த போன் சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அவள் வீரகத்தியிடம் வேலைக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். முரசுமோட்டைச் சங்கக்கடையில் விமலேஸ்வரி சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். சீனிக்குத் தட்டுப்பாடு வந்து சனம் வாசல் தாண்டி வரிசையில் நின்றது. வீரகத்தி எல்லோரையும் விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்து, "தங்கச்சி, மெசின் வயலுக்குள்ள நிக்குது. என்னைக் கெதியா அனுப்பிவிடு" என்றார். ஊரில் பெரிய ஆள். ஆனாலும் விமலேஸ்வரி தராசில் இருந்து கண்ணை எடுக்காமல், "உங்கட மெசினுக்குச் சீனி தேவையில்லை அண்ணை. வரிசையில வாங்கோ" என்றாள். சனம் சிரித்தது. அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். தன்னுடைய முறை வந்தபோது சீனியைக் கேட்கவில்லை. "நாளையில இருந்து எங்கட போனை எடுக்க வாறியோ?" என்று கேட்டார்.

அப்போது அவளுக்கு நாற்பது வயது. கணவன் சிவபாலன் பள்ளிக்கூடத்தில் காவலாளி. வீட்டில் கதைக்கிற பொறுப்பை முழுதாக அவளிடம் விட்டுவிட்டவன். "போ" என்றும் சொல்லவில்லை, "போகாதை" என்றும் சொல்லவில்லை. அவள் போனாள்.

போன் எடுக்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தாள். முதல் நாளே வீரகத்தி தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, அவள் ஸ்கூட்டியில் பின்னால் போய், வயல் வயலாகப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த வயலில் தண்ணீர் கடைசிவரை நிற்கும், எந்த வரம்பால் மெசின் ஏறும், எந்த மண்ணில் மெசினின் செயின் சக்கரம் புதையும் என்று காலால் மிதித்து மிதித்துக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்தில் நின்று அந்த வீட்டுக் கதையையும் சொன்னார். இவனுக்குக் கிளிநொச்சியில் கடை இருக்கு. இவளின் மனுசன் படுக்கையில. இவை குத்தகைக்குச் செய்யினம். இவருக்கு மகன் வெளியில இருந்து அனுப்புறான். சொல்லி முடித்ததும் எப்போதும் ஒரே கேள்வி: "உது அழிஞ்சா இவைக்கு வேற என்ன கிடக்கு?"

அந்தக் கேள்விதான் அவருடைய தொழில் முறை. வேறொன்றும் இல்லாத ஆளுக்கு மெசின் முதலில் போகும். ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவன் காத்திருப்பான். ஒரு துண்டுக் காணியை வெட்ட மெசினை லொறியில் ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்றி இன்னொரு துண்டுக்குக் கொண்டுபோவார். நாள் முழுக்க மெசின் வெட்டிய நேரத்தைவிட லொறியில் நின்ற நேரம்தான் அதிகம். மெசின் ஓட்டுகிறவன் பகல் முழுக்க வெட்டினால் இரவு வெட்டக்கூடாது என்பது அடுத்த கட்டளை. ஒருமுறை கண் அயர்ந்துபோன ஒருவன் மெசினோடு வாய்க்காலுக்குள் விழுந்து கால் நசுங்கிப் போனதன் பிறகு அவர் அதை மாற்றவே இல்லை. நிலா வெளிச்சத்தில் பக்கத்து ஊர் மெசின்கள் எல்லாம் உறுமிக்கொண்டு திரிய, வீரகத்தியின் மெசின் மட்டும் படங்கு போர்த்திக்கொண்டு நிற்கும்.

"அண்ணை, நாங்கள் மெசின் விடுறமோ, கோயில் நடத்துறமோ?" என்று விமலேஸ்வரி கத்துவாள்.

"ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. ரெண்டிலயும் சனம் திட்டும்" என்று வெற்றிலைக் காவி படிந்த பல்லைக் காட்டிச் சிரிப்பார்.

அவரோடு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. 'ஏலாது' என்ற சொல் அவருக்கு வாயில் வராது. கேட்கிற எல்லோருக்கும் "ஓம், நாளைக்கு விடியப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, விடிய போனை அணைத்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிடுவார். பிறகு திட்டு வாங்குவது விமலேஸ்வரி. செயின் கழன்று போனது, டீசல் முடிந்தது, லொறி பளையில் நிற்கிறது என்று அவருக்காக அவள் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. எத்தனையோ தரம் சாவிக்கொத்தை மேசையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாலையில் அவர் வேலிக்கு வெளியே நின்று, "தங்கச்சி, முல்லைத்தீவு றோட்டுக்கு அங்கால ஒரு காணி பாக்கோணும். நீ வந்தாத்தான் எனக்கு விளங்கும்" என்று கூப்பிடுவார். அது பச்சைப் பொய் என்று தெரிந்துகொண்டே அவள் ஸ்கூட்டியை எடுப்பாள்.

இப்படி ஏழெட்டுப் போகம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்தத் தேத்தண்ணிக்கடை வாங்கு.

எரித்து வந்த மறுநாளே மருமகன் தர்சன் கொட்டிலுக்கு வந்துவிட்டான். வீரகத்தியின் ஒரே மகளைக் கட்டியவன். வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கெட்ட பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. "அன்ரி, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினான்.

"மெசின் ரெண்டும் லீசிங்கில நிக்குது அன்ரி. மாமா போன வேகத்தில போனா கட்டுக்காசு கட்டேலாமக் கொம்பனிக்காரர் ரெண்டையும் இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். மாமிக்கும் வேற வருமானம் இல்லை. இனிப் பெரிய காணியள் முதல். ஒரே இடத்தில நிண்டு வெட்டுற மாதிரி. துண்டுக் காணியள் கடைசியில பாப்பம். சரிதானே?"

விமலேஸ்வரிக்கு அதில் பிழை தெரியவில்லை. சொல்லப்போனால் பல போகமாக வீரகத்தியிடம் அவளே தொண்டை காயக் கத்திய விசயம் அதுதான். "சரி தம்பி" என்றாள்.

அடுத்து வந்த நாட்கள் அவள் அந்த வேலையில் கண்ட நிம்மதியான நாட்கள். மெசின்கள் காலையில் ஒரு வயல்வெளியில் இறங்கினால் பொழுதுபட்டாலும் அங்கேதான் நின்றன. லொறிக்காரன் படுத்து நித்திரை கொண்டான். யாராவது போன் எடுத்தால், "இப்ப வராது. கடைசியிலதான்" என்று உண்மையைச் சொல்லி வைத்தாள். பொய் சொல்லாமல் வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று நினைத்தாள். ஒன்றுதான் எரிச்சல். தர்சன் மாமனாரின் போனையே பாவித்தான். அவன் எடுக்கும்போதெல்லாம் அவளுடைய போனில் 'வீரகத்தியண்ணை' என்று விழுந்தது. பெயரை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைத்தாள். நேரம் கிடைக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நிம்மதி அதிக நாள் இருக்கவில்லை. போனில் சரிவராது என்று கண்ட சனம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. விடியக் கதவைத் திறந்தால் முற்றத்தில் ஆள். அவள் குளித்துவிட்டு வர இன்னும் கொஞ்சம். சண்டை பிடித்தால் திருப்பிச் சண்டை பிடித்து அனுப்பலாம். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. வேலியோரம் குந்திக்கொண்டு, "அவர் இருந்திருந்தா..." என்று தொடங்கிப் பாதியில் நிற்பாட்டினார்கள். மற்ற நேரம் வாயே திறக்காத சிவபாலன், வந்தவர்களுக்கெல்லாம் கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

"நீங்கள் என்ன, கலியாணவீடோ நடத்துறியள்? உப்பிடிக் கவனிச்சா நாளைக்குப் பாயோட வருங்கள்" என்று குசினிக்குள் வைத்து அவள் சீறினாள்.

"பாவங்களப்பா" என்றான் அவன். அந்த மாதத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

வராத ஆள் ஒருத்தி இருந்தாள். கிருசாந்தி. வாய்க்காலின் கடைசி மடைக்குக் கீழே, பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர். கணவன் செத்துப் பல வருசம். இரண்டு பெட்டைப் பிள்ளைகள். வீரகத்தி ஒவ்வொரு போகமும் முதல் வெட்டுக்கு அனுப்புகிற காணிகளில் ஒன்று. இந்த முறை கதிர் முற்றி, காற்றுக்குச் சாய்ந்து, தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவளை விமலேஸ்வரி கண்டாள். தானாகப் போய் மறித்தாள்.

"ஊரெல்லாம் என்ர வீட்டு முத்தத்தில வந்து நிக்குது. நீ ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

கிருசாந்தி பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "கேட்டா வருமோ அக்கா?"

விமலேஸ்வரி எரிச்சலில், "கேக்காட்டி எப்பிடி வரும்?" என்று கத்திவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினாள். பாதி வழியில், கேட்ட ஆட்களுக்கும் தான் அனுப்பவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை வங்கக் கடலில் தாழமுக்கம் என்று செய்தி சொன்னது. மறுநாள் பொழுதுபடுவதற்குள் கன மழை தொடங்கலாமாம். வன்னியில் இருக்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் அந்தச் செய்தி கேட்டது. ஒவ்வொருவரும் விமலேஸ்வரிக்குப் போன் எடுத்தார்கள். போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியாமல் போனது.

விடிந்ததும் தர்சன் கூப்பிட்டான். திரையில் 'வீரகத்தியண்ணை'.

"அன்ரி, ரெண்டு மெசினையும் நிருஷன்ர வெளிக்கு இறக்குறம். மழைக்கு முன்னம் முழுக்க முடிச்சுக் குடுக்கோணும். வாற சிறுபோக வெட்டையும் எங்களுக்குத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். விடேலாது."

நிருஷன் அரிசி ஆலைக்காரன். நாற்பது ஏக்கர் மேட்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவன். மேட்டு நிலம், மழை விட்டால் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். கதிரும் நிமிர்ந்து நின்றது. பள்ளக் காணிகள் அப்படியல்ல. ஒருதரம் நனைந்தால் அந்தச் சேற்றில் மெசின் இறங்காது. இறங்கக்கூடிய நாள் வருவதற்குள் சாய்ந்த கதிர் எல்லாம் முளைத்துவிடும்.

"தம்பி, ஒண்டை எண்டாலும் பள்ளத்துக்கு விடுவம்" என்றாள்.

"அன்ரி, பிளீஸ். அவையின்ர எல்லாத்தையும் சேர்த்தாலும் நிருஷன்ர கால்வாசி வராது."

"வராதுதான்..." என்று அவள் தொடங்குவதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் கொட்டிலில் இருந்தாள். இருக்க முடியவில்லை. மதியத்துக்கு முன்னரே தெற்கும் கிழக்கும் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோகிற சாட்டில் நிருஷனின் வெளிக்குப் போனாள். ஒரு மெசின் தூரத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவன் றொசான், அளம்பில் என்கிற கடற்கரை ஊர்ப் பெடியன். மற்றதை ஓட்டியவன் கோகுலன். வீரகத்தியிடம் நெடுநாள் வேலை செய்தவன், நிதானமான ஆள். அன்று அவனுடைய மெசின் போன கோடு கோணலாக இருந்தது. வெட்டாத கதிர் இடையில் வால் மாதிரி நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெசின் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், வரம்பில் ஒரு பக்கச் செயினை ஏற்றிச் சரிந்தது. வரம்புக்கு அங்கால் ஆழமான வாய்க்கால்.

விமலேஸ்வரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டிய நெல்தாளுக்குள்ளால் ஓடினாள். "கோகுலன்! டேய்! நிப்பாட்டு!"

மெசின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. மேலே ஏறிப் பார்த்தபோது கோகுலன் இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

"எப்பயடா கடைசியாப் படுத்தனி?"

அவன் விரல் விட்டு எண்ணப் பார்த்தான். "பகலும் வெட்டி, ராவும் வெட்டி... கொஞ்ச நாளா உப்பிடித்தான் அக்கா. தர்சன் அண்ணை கேட்டவர். ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவளுக்குத் தெரியாது. இரவில் மெசின் ஓடியது அவளுக்குத் தெரியாது. 'தெரியாதோ, கேக்கேல்லையோ?' என்று உள்ளே ஒன்று குடைந்தது. நிம்மதியாக நித்திரை கொண்ட அந்த இரவுகளில் எல்லாம் இவன் இங்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடித் திரிந்திருக்கிறான். மெசினின் சூடான தகரத்தைப் பிடித்துக்கொண்டு, செத்தவீட்டில் வராத அழுகை முழுவதையும் அவள் அந்த வயலுக்குள் நின்று அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "இந்த மனுசன் எல்லாத்தையும் என்ர தலையில போட்டிட்டுப் போய்ச் சேந்திட்டுது. எனக்கு என்ன தெரியும் எண்டு போட்டது?" கோகுலன் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

அவள் முகத்தைக் கழுவினாள். "இறங்கு. போய் அந்த மருத மரத்துக்குக் கீழ படு. எழும்பினாயெண்டா காலை முறிப்பன்" என்றாள். பிறகு றொசானை மறித்தாள்.

"மெசினை லொறியில ஏத்து. கடைசி மடைக்குக் கீழ போறம்."

"தர்சன் அண்ணைட்டக் கேட்டியளோ?"

"நான் சொல்லுறன். ஏத்து."

நிருஷன் அதற்குள் வரம்பால் வந்துவிட்டான். வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும். "என்ன அக்கா, ஒண்டு நிக்குது, மற்றதையும் கொண்டு போறியளோ? எங்கட கதை என்ன?"

"உங்கட வயல் மழைக்குத் தாங்கும் தம்பி. ரெண்டு வெயில் விழ வந்து வெட்டித் தருவன். கீழ கிடக்கிறது தாங்காது."

"அது அவையின்ர பிரச்சினை. நான் கதைச்சு வைச்சிருக்கிறன்."

"ஓம், கதைச்சுத்தான் வைச்சிருக்கிறியள். நான் இப்ப அதை மாத்துறன். உங்களுக்கு ஆலை கிடக்கு. அவைக்கு வேற என்ன கிடக்கு?"

சொல்லிய பிறகுதான் தன் வாயில் வந்தது யாருடைய கேள்வி என்று தெரிந்தது. இன்னும் எரிச்சல் வந்தது. நிருஷன் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான். அவன் யாருக்கு எடுக்கிறான் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் அவளுடைய போனில் 'வீரகத்தியண்ணை' விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. லொறி நகரத் தொடங்கியதும்தான் எடுத்தாள்.

"அன்ரி, என்ன விசர் வேலை பாக்கிறியள்?"

"விசர் வேலைதான் தம்பி. ஆரும் கேட்டா விமலேஸ்வரிக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ. கோகுலன் இப்ப வாய்க்காலுக்குள்ள போகப் பாத்தவன். அவன்ர மனுசிக்கு நீங்கள் போய்ச் சொல்லுவியளோ? இரவில வெட்டினது எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவன் ஓம் எண்டுதானே சொன்னவன்" என்றான் தர்சன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இந்தப் போகம் தவறினா மெசின் போயிடும் அன்ரி. உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது. இருந்தும் நான் கீழதான் போறன்" என்றாள்.

பள்ளத்தில் மெசினை இறக்கியபோது காற்று ஈரமாக அடிக்கத் தொடங்கியிருந்தது. சாய்ந்த கதிரை வெட்டுவது லேசில்லை. றொசான் மெசினின் வாயைத் தாழ்த்தி, ஒரு பக்கத்தால் மட்டும் மெதுவாகக் கோதிக்கொண்டு போனான். கிருசாந்தியின் வயல்தான் முதல். அவளும் பிள்ளைகளும் மூட்டை பிடிக்க ஓடி வந்தார்கள். செய்தி கேட்டு ஏனைய துண்டுக் காணிக்காரர்களும் வந்தார்கள். தங்கள் முறை வரும்வரை மற்றவர்களின் மூட்டைகளைத் தூக்கினார்கள். இடையில் சண்டையும் வந்தது. "என்ர வரம்பு கிட்ட, என்னை முதல்ல வெட்டு" என்று ஒருவர் மெசினுக்கு முன்னால் போய்ப் படுத்தே விட்டார். விமலேஸ்வரி அவரைக் கையில் பிடித்துத் தூக்கி நிறுத்தி, இழுத்துக்கொண்டு போய் வரம்பில் இருத்தினாள். நித்திரை கொள்ளச் சொன்ன கோகுலன் எழும்பி வந்து நின்றான். அவனையும் திட்டினாள். அவன் மெசினில் ஏறவில்லை. சாக்குகளின் வாயைக் கட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

மழை சொன்னதைவிட முந்தி வந்தது. முதல் துளிகள் விழும்போது அனேகமானவை வெட்டியாகிவிட்டன. எல்லாம் இல்லை. வாய்க்காலின் மற்றக் கரையில் இருந்த சில காணிகளுக்கு மெசினைக் கொண்டுபோக முடியவில்லை. அதில் ஒன்று வேலாயுதம் என்பவருடையது. நனைந்துகொண்டு நின்ற அவர் விமலேஸ்வரியைப் பார்த்து, "ஆள் பாத்து வெட்டுறாய். நல்லா இருப்பியோ?" என்று கேட்டார். அடுத்த கிழமை அவருடைய கதிர் பச்சையாக முளைத்து நின்றதை றோட்டால் போகும்போது பார்த்தாள். இப்போதும் அவர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிழை என்று சொல்ல முடியாது.

நிருஷனின் வயல் மழையைத் தாங்கியது. கொஞ்சம் நெல் கொட்டுப்பட்டது, நிறம் கொஞ்சம் மங்கியது. வெயில் விழ அவள் சொன்னபடி மெசினை அனுப்பினாள். அதற்கு முன்னரே மாங்குளம் பக்கத்து மெசின்காரரை அவன் இறக்கியிருந்தான். சிறுபோகமும் அவர்களுக்குத்தான் என்று சந்தியில் வைத்துச் சத்தமாகச் சொன்னான்.

அந்தப் போகத்தோடு ஒரு மெசின் போயிற்று. தர்சன் முன்னுக்கே சொன்னபடிதான். லீசிங் கொம்பனிக்காரர் மஞ்சள் மெசினை வேறு லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது வீரகத்தியின் மனைவி இரஞ்சிதம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமலேஸ்வரி அவளுக்கு முன்னால் போய் நிற்கக் கூசினாள். ஆனாலும் போனாள்.

"என்னாலதான் அக்கா."

இரஞ்சிதம் மெசின் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுசனும் உப்பிடித்தான். மூண்டு மெசின் நிண்டது ஒரு காலம். ஒண்டைத் துலைச்சுப்போட்டு வந்து இந்த வாசல்லதான் நிண்டது. அண்டைக்கு நான் அவரோட கதைக்கேல்லை. கன நாளாக் கதைக்கேல்லை." கதவில் இருந்து கையை எடுத்தாள். "உன்னோடயும் கொஞ்ச நாளைக்குக் கதைக்கமாட்டன். பேந்து வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து தர்சன் வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டான். போக முதல் கொட்டிலுக்கு வந்தான். அவனுக்கும் அவளுக்கும் இடையில் நடந்த சண்டையை அயலே கேட்டது. அவள் ஒரு மெசினுக்கு இரண்டு ஓட்டுநரையும் வைத்திருக்க வேண்டும் என்றாள். ஒருவர் வெட்ட மற்றவர் படுக்கட்டும், மெசினும் நிற்காது. அவன் தலையில் கை வைத்தான். "மெசின் ஒண்டு, ஆள் ரெண்டு. இது எந்த ஊர் பிசினஸ் அன்ரி?" என்றான். கடைசியில் மாமனாரின் போனை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு ஏலாது. நீங்களே பாருங்கோ. மாமிக்கு மாதம் மாதம் குடுத்து, கட்டுக்காசையும் கட்டினாச் சரி" என்று சொன்னான். பேருந்து ஏறும்போது, "கோகுலன் இப்ப எப்பிடி?" என்று கேட்டான். கேட்டதற்காக அவள் அவனை மன்னித்தாள், பாதி.

சிறுபோகம் சின்னப் போகம். ஒரு மெசினோடு அவள் தட்டுத்தடுமாறித்தான் ஓட்டினாள். துண்டுக் காணிக்காரர் தங்களுக்குள் பேசி, அக்கம்பக்கத்துக் காணிகளை ஒரே நாளில் வெட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். அதனால் லொறி ஓட்டம் குறைந்தது. ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை போயிற்று. கட்டுக்காசு இரண்டு தரம் பிந்தியது. கிருசாந்தி இந்த முறை எல்லோருக்கும் முந்தி வந்து, முற்றத்தில் நின்று உரிமையோடு கேட்டாள். "உன்னைக் கேள் எண்டு சொன்ன என்னைச் சொல்லோணும்" என்று விமலேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெட்டு மும்முரமாக நின்ற ஒரு காலையில் றொசான் மெசினை நடு வயலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். மனைவியை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம். தலைப்பிள்ளை.

"இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சுதோ உங்களுக்கு? நாளைக்குப் பெத்தா என்ன?" என்று விமலேஸ்வரி கத்தினாள். கத்திக்கொண்டே ஸ்கூட்டிச் சாவியை அவனுடைய கையில் திணித்தாள். "மெல்லமாப் போ. தலைக்கவசத்தைப் போடு. போய்ச் சேந்தோடன எனக்கு எடு."

காணிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அப்ப மற்றப் பெடியனைக் கூப்பிடன் பிள்ளை."

"கோகுலன் விடியும்வரை வெட்டினவன். இப்பத்தான் படுத்தவன்."

"ஒருக்கா எழுப்பினா என்ன? நாள் போகுது."

"போகட்டும்."

அவர் திட்டத் தொடங்கினார். அவளுக்கும் விளங்கியது, அவருடைய இடத்தில் நின்றால் அவளும் அப்படித்தான் திட்டுவாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிற்கிற மெசினின் நிழல் வயலில் கொஞ்சமாக விழுந்திருந்தது. அதற்குள் போய் ஒரு சாக்கை விரித்து இருந்தாள். அதிர்ந்துகொண்டிருந்த இரண்டு போனில் ஒன்றை எடுத்து, "இண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான். இல்லை ஐயா, மெசினுக்கு ஒண்டுமில்லை. ஓட்டுற பெடியன் நித்திரை" என்றாள். மறுபக்கத்தில் கேட்ட வார்த்தைகளைக் கேட்டுப் போனைக் காதில் இருந்து கொஞ்சம் விலத்திப் பிடித்தாள். பிறகு மற்றப் போனை, அண்ணையின் போனை, எடுத்தாள்.